பூனைப்பருந்து போன தேதி

ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே வனத்துறை வேலி போட்டுக் காக்கும் புல்வெளி ஒன்று இருக்கிறது. மரம் கிடையாது, முழங்கால் உயரப் புல், கரிசல் வெடிப்பு, சரளைக்கல். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வெகு தூரத்திலிருந்து வந்து அந்தப் புல்லுக்குள் அடையும். அவை வரும் தேதியையும் போகும் தேதியையும் பதினோரு வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன்.

நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில், ஆர்டர் எடுக்குமுன் புதுச் சரக்கை வெளியூர் வியாபாரிகளுக்கு வெடித்துக் காட்டுவது வழக்கம். போன வருடம் பங்குனியில் மேனேஜர் கேட்டார்.

"வேலிக்கு இங்கிட்டுத் தரிசுல சாம்பிள் போடலாமா அண்ணாச்சி? ஒங்க பறவைக கோவிச்சுக்கிடுமோ?"

ஆபீசே சிரித்தது. நான் நோட்டைப் புரட்டினேன்.

"கடைசிப் பருந்து போன செவ்வாயே கெளம்பிருச்சு. தாராளமாப் போடுங்க."

புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வனக்காவலருக்கும் போனில் அதையே சொன்னேன். "நீங்க தேதி பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை வெடித்தார்கள். நானும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றேன். தலைக்கு மேல் ஆட்காட்டிக் குருவிகள் இரண்டு கத்திக்கொண்டே சுற்றின. அது எப்போதும் கத்துவதுதானே என்று விட்டுவிட்டேன். என் நோட்டில் ஆட்காட்டிக்குப் பக்கமே கிடையாது. வருடம் முழுக்க இங்கேயே கிடக்கிற பறவைக்கு என்ன தேதி?

மறுநாள் காவலர் கூப்பிட்டுக் காட்டினார். வேலிக்கு உள்ளே, சரளையோடு சரளையாக நான்கு முட்டைகள். ஒன்றில் குஞ்சு உள்ளிருந்து கொத்திய துளை. அதன் வழியாக எறும்பு போய் வந்துகொண்டிருந்தது.

"வெடி படல சார். வெயிலு. வெடிச் சத்தம் தாய நெழலுக்கு உக்கார விடலைல்ல." எறும்பைத் தட்டிவிட்டபடி சொன்னார்: "இது எங்கயும் போகல சார். இங்கனயேதான் இருந்துச்சு."

மேலே ரிப்போர்ட் எழுத வேண்டும், உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது என்று சாயங்காலம் போனில் கேட்டார். அதற்குள் நான் எழுதியிருந்தேன்: "சனிக்கிழமை. ஆட்காட்டி. முட்டை நான்கு. கடும் வெயிலால் வீண்." கிழமை சரி, எண்ணிக்கை சரி. ஒரு சொல்லும் பொய்யில்லை. அதையே வாசித்தேன். அவர், "அப்படியே எழுதிக்கிடுதேன் சார்" என்றார். வெடித்ததைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரியும் இல்லாததால் அந்தத் தரிசுக்கு எந்தத் தடையும் வரவில்லை.

இந்தப் பங்குனியில் மேனேஜர் மறுபடி வந்தார். "பருந்து போயிருச்சா அண்ணாச்சி? போன வருசம் மாதிரி அங்கனயே போட்டுருவமா?"

"வேண்டாம். போன வருசம் நம்ம வெடியில நாலு முட்டை செத்துச்சு. போடச் சொன்னது நான்."

அவர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் வெளியே வந்து காவலருக்குப் போன் செய்து, நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டதைச் சொல்லி, வெடியையும் சேர்த்து எழுதிய புதியதை வாசித்தேன். ஒரு வருடத் தாமதம்.

"மெதுவாச் சொல்லுங்க சார்" என்றார் அவர். "தேதியிலேருந்து எழுதிக்கிடுதேன்."