மூன்று திரைகளும் ஒரு நீலக் காரும்: கொல்கத்தா கேம் கண்காட்சியில் ஒரு நாள்

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், அருவி, மலை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். வீடியோ கேம் கண்காட்சிக்குப் போய் வந்ததை எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. போன ஜனவரி கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் கோவையிலிருந்து கொல்கத்தா போனது அதற்காகத்தான்.

காரணம் அவர். அதற்கு முந்தைய மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் தப்பினார். இழுத்துக்கொண்ட இடது கையும் காலும் மெல்லத் தேறி, இப்போது யார் துணையும் இல்லாமல் நடக்கிறார். ஆனால் கண் பரிசோதனை முடிக்கும்வரை காரைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில் உதிரிபாகம் விற்பதற்காக முப்பது வருஷம் ஊர் ஊராகக் கார் ஓட்டிய மனிதர். பரிசோதனைக்குக் கூப்பிட்டால், “தூரத்துல வர்ற பஸ் நம்பரப் படிக்கறேன், கண்ணுக்கு என்ன கேடு?” என்பார். இதற்கிடையில், கோடை விடுமுறைக்கு வரும் மகளையும் பேரனையும் வால்பாறைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவதாக வாக்கு வேறு கொடுத்துவிட்டார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. எனக்குத் தூக்கம் போயிற்று.

என் தம்பி ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறான். அவன் மகள் நந்தினி கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் போனில், அங்கே நடக்கப்போகும் கண்காட்சியில் கடைக்கு இன்னும் வராத கேம் கருவிகளில், அதாவது கன்சோல்களில், விளையாடிப் பார்க்கலாம், நிஜக் கார் மாதிரியே சீட்டும் ஸ்டியரிங்கும் வைத்த பந்தய விளையாட்டும் உண்டு என்றாள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுல ஓட்டிப் பாத்தா கை எப்படி இருக்குன்னு தெரிஞ்சுருமில்ல?” என்றார். அங்கே மோதினாலும் யாருக்கும் அடிபடாது என்று நானும் சரி என்றேன்.

சென்னை போய் அங்கிருந்து ரயிலில் ஹவுரா. தூரம் ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு மேல் ஆகும். வயதானவர்களோடு போகிறவர்கள் கீழ் பெர்த்துக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஜனவரிக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். தம்பி வீட்டில் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நந்தினியோடு கிளம்பினோம். ஹவுரா மைதான் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் ஆற்றுக்கு அடியில் புகுந்து ஊரின் மறுகோடிக்கே கொண்டுபோய் விடுகிறது. ஆளுக்கு முப்பது ரூபாய். கண்காட்சிக் கூடம் அங்கிருந்து டாக்ஸியில் பத்து நிமிஷம்.

உள்ளே நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது. எங்கள் வயதுக்காரர்கள் யாரையும் காணோம். புது கன்சோல் வைத்திருந்த இடத்தில் போன் காமிரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விட்டார்கள். முக்கால் மணி நேர வரிசைக்குப் பிறகு பத்து நிமிஷம் கையில் கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும், எடை அதிகமில்லை, படம் அத்தனை தெளிவு. நான் ஓட்டிய கார் பாலத்திலிருந்து இரண்டு முறை தண்ணீரில் விழுந்தது. நந்தினி சிரித்துக்கொண்டே, “பிஷீ, நீங்க ஆக்ஸிலேட்டர விடவே மாட்டேங்கறீங்க!” என்றாள். அத்தையை அவள் வங்காளத்தில்தான் கூப்பிடுவாள்.

அவருக்கு அதிலெல்லாம் மனசில்லை. கண் முழுக்கக் கூடத்தின் மூலையில் இருந்த பந்தயச் சீட்டின் மேல்தான். சீட்டுக்கு முன்னால் வளைவாக மூன்று பெரிய திரைகள். காரின் முன்கண்ணாடி நடுத்திரையில், இரண்டு பக்கச் சாலையும் இரண்டு ஓரத்துத் திரைகளில். பொறுப்பாக நின்ற பெண்ணின் பெயர் மௌமிதா. இருபத்தைந்து வயதிருக்கும். “ஆஷுன் காக்கு” என்று, ‘வாங்க சித்தப்பா’ என்பதுபோல் கூப்பிட்டு, கைப்பிடித்து ஏற்றி, பெல்ட்டும் மாட்டிவிட்டாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவர் முகமே மாறிப்போனது. பத்து மாதமாக நான் பார்க்காத முகம். முதல் வளைவை அவ்வளவு அழகாக எடுத்தார். நந்தினி கை தட்டினாள். இரண்டாவது வளைவில் இடித்தார். அதற்கடுத்து மறுபடியும். சக்கரம் கையில் உதற, கார் சுற்றிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது. பந்தயம் முடிந்தபோது கடைசி இடம்.

இறங்கும்போது கோபமாக இருந்தார். “மிஷின்ல கோளாறு கண்ணு. நான் நேராத்தான் போறேன். எங்கிருந்தோ வந்து அதுவா மோதுது.”

நந்தினி அதை வங்காளத்தில் சொன்னாள்.  மௌமிதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் ஓட்டியதையே திரும்ப ஓடவிட்டாள். மேலிருந்து பார்க்கும் கோணம். அவருடைய சிவப்புக் காரை ஒட்டி, இடது பக்கத்தில், ஒரு நீலக் கார் வந்துகொண்டிருந்தது. இவர் அதன் மேலேயே திருப்பினார்.

“இது எப்ப வந்துச்சு?” என்றார்.

“ஃபர்ஸ்ட்லேர்ந்தே உங்க பக்கத்துலதான் மாமா இருக்கு” என்றாள் நந்தினி.

“நான் பாக்கவே இல்லையே.”

மௌமிதா தயங்கித் தயங்கி நந்தினியிடம் ஏதோ சொன்னாள். அவர் ஓட்டியபோது இடது திரைப் பக்கம் ஒரு தடவைகூடத் தலை திரும்பவில்லையாம். அங்கே ஒரு திரை இருப்பதே காக்குவுக்குத் தெரியவில்லையோ என்று கேட்டாளாம்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தது. வீட்டில் இலை போட்டால் இடது ஓரத்தில் வைக்கும் ஊறுகாயைத் தொடாமல் எழுந்துவிடுவார். உப்பைக் குறைத்துக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டிருந்தேன். கதவு நிலையில் இடது தோள் இடித்துக்கொள்வதைக் கால் பலவீனம் என்று நினைத்திருந்தேன். கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. வரிசையில் நின்ற பையன்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. மூன்றாவது முறை முடிந்ததும் என்னைப் பார்க்காமலே, “அது கார். பைக்குல ஒருத்தன் வந்திருந்தா என்ன ஆயிருக்கும் கலா?” என்றார்.

“வாங்க, டீ குடிக்கலாம்” என்றேன்.

டீ முடிந்தபோது மௌமிதாவே தேடிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு இடைவேளை, அரை மணி நேரம் சீட் காலியாக இருக்கும், வேறு கார்களே இல்லாத மலைப்பாதை ஒன்று இருக்கிறது, காக்குவுக்குப் பிடிக்கும் என்றாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். அவள் விடவில்லை. “ஆஷுன் காக்கு, ஆஷுன்” என்று கையைப் பிடித்து இழுத்தே போய்விட்டாள்.

இந்த முறை அவள் இடது திரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் “பாம் திகே, காக்கு!” என்று சத்தம் போட, “லெஃப்ட்ல பாருங்க மாமா!” என்று நந்தினியும் கத்துவாள். அவர் வேலை மெனக்கெட்டுத் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் வண்டியைத் திருப்புவார். மெதுவாகத்தான் போனார். உச்சியை அடைந்தபோது இரண்டு பெண்களும் குதித்தார்கள். அவரும் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

இனிப் போக நினைப்பவர்களுக்கு: டிக்கெட் முன்னூற்றைம்பது ரூபாய், நேரில் வாங்கினால் கூடுதல். கூடம் திறந்ததும் போய்விட்டால் வரிசை குறைவு. மதியத்துக்கு மேல் கால் வைக்க இடமில்லை. உட்கார நாற்காலிகள் அபூர்வம், அதனால் முதியவர்களைக் கூட்டிப் போனால் அங்கே நிற்பவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், தருகிறார்கள். ஆடும் சீட் சிலருக்குக் குமட்டும். வெறும் வயிற்றில் ஏற வேண்டாம். முக்கியமாக, இந்த விளையாட்டு மருத்துவப் பரிசோதனை ஆகிவிடாது. ஊர் திரும்பியதும் டாக்டரிடம் போனோம். பக்கவாதத்தால் மூளை இடது பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்றும், அது அவருக்கே தெரியாது என்றும், பயிற்சியால் ஓரளவு தேறும் என்றும் சொன்னார். கார் இப்போதைக்குக் கிடையாது. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது சாவியைக் கேட்டு அடம்பிடித்தால், சண்டை போடாதீர்கள், பரிசோதனையைத் தள்ளியும் போடாதீர்கள்.

திரும்பி வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். மெட்ரோவில் எஸ்பிளனேடில் இறங்கி, பாபுகாட் படித்துறையில் ஹவுராவுக்குப் படகு பிடித்தோம். பத்து ரூபாய்க்குள்தான் கட்டணம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. படகு கிளம்பியதும் அவர், “வால்பாறைக்கு ஒரு நல்ல டிரைவராப் பாத்துக்கலாம். பாப்பாகிட்டயும் பேரன்கிட்டயும் நானே சொல்லிக்கறேன்” என்றார். “சரிங்க” என்றேன்.

வலது பக்கம் தெரிந்த ஹவுரா பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, தலையை இடது பக்கம் மெல்லத் திருப்பினார். பாதியில் நிறுத்தவில்லை, தோளும் சேர்ந்து திரும்பும்வரை திருப்பினார். ஆற்றின் அந்தப் பக்கத்தில், கம்பிகளெல்லாம் மாலை வெளிச்சத்தில் மின்ன, இரண்டாவது பாலம் நின்றது.

“கலா, இந்தப் பக்கமும் ஒரு பாலம் இருக்குது பாரு” என்றார்.