இரண்டு விரல் இடைவெளி

எங்கள் வீட்டு விஷயத்தை வெளியில் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. என் தம்பி கடைசியாகச் செய்த வேலையைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதால் எழுதுகிறேன். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சேர்த்தது இல்லை.

பட்டறை எங்கள் அப்பா பெயரில் இருக்கிறது. பிக்கப் வண்டிகளுக்குப் பெரிய டயர் மாட்டுவதில் தம்பி கெட்டிக்காரன். டயரைப் பெரிதாக்கினால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டின் உட்புறம் உரசும். உரசவே கூடாது என்பான். நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பான். மாட்டாமல் கிடந்தால் கண்ணில் படட்டும் என்று. கடைசியில் நான் ஓட்டுவேன். அவன் இடது சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கப்போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு வருவான். கேட்குதா என்பேன். கதவில் இரண்டு தட்டினால் வண்டியைக் கொடுக்கலாம். ஒரு தட்டு என்றால் திரும்பக் கழற்ற வேண்டும். அந்த இரண்டு தட்டு விழாமல் எங்கள் பட்டறையிலிருந்து எந்த வண்டியும் போனதில்லை.

ஒரே ஒரு வண்டி போயிற்று. ஒரு பழ வியாபாரியின் பிக்கப். டயரை மாட்டிவிட்டுக் கை கழுவப் போன தம்பி, குழாயடியிலேயே சாய்ந்துவிட்டான். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கும்போதே உயிர் இல்லை. சொன்ன நாளில் வண்டி கொடுப்பது எங்கள் குடும்பத்து வாக்கு. இறுதிச் சடங்கு முடித்து அவனை அனுப்பிவைத்த மறுநாள் நானே ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று என் காதில் எதுவும் விழவில்லை.

இரண்டு வாரத்தில் வியாபாரி திரும்பி வந்தார். இடது முன்டயர் உரசுகிறதாம். பாரம் அதிகம் ஏற்றியிருப்பீர்கள் என்றேன்.

"அதான் இல்லீங்க ஐயா. பக்கத்துல ஆள் உக்காந்தா சத்தமே இல்ல. நான் தனியா போனாத்தான் உரசுது. ஆளப் பாத்து உரசுற டயர உங்க தம்பியாலதான் மாட்ட முடியும்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆள் ஏறினால்தான் வண்டி தாழும். தாழ்ந்தால்தான் உரசும். இவர் சொல்வது தலைகீழ். போனவனைக் குறை சொல்ல வந்துவிட்டார் என்று நினைத்தேன். சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

மாலை ஆறே முக்கால். எல்லாரும் போன பிறகு வண்டியை எடுத்தேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு கிடங்கு. அதன் காலி முற்றம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தேன்.

சர்க்... சர்க்... சர்க்...

வலப்பக்கம் ஒடித்தேன். சத்தம் இல்லை. மறுபடி இடது.

சர்க்... சர்க்...

பழக்க தோஷம். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"என்னடா, கேக்குதா?"

டொக்.

இடது கதவு. வெளிப்பக்கம்.

அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

இறங்கினேன். வலது டயரில் இரண்டு விரல் நுழைந்தது. சுற்றி வந்தேன். இடது டயரில் ஒரு விரல்தான். வண்டி அந்த மூலையில் தாழ்ந்திருந்தது... ஆள் உட்கார்ந்திருப்பது போல.

விரலை எடுக்கவில்லை.

ஸ்பிரிங் மெல்ல முனகியது...

வண்டி எழும்பியது. இரண்டாவது விரலுக்கும் இடம் வந்தது.

கதவு திறக்கவே இல்லை.

கண்ணாடி வழியே பார்த்தேன். சீட் காலி. அதன் நடுவில் ஒரு போல்ட் கிடந்தது. தலையில் மஞ்சள் புள்ளி.

ஒரு தட்டு என்றால் கழற்ற வேண்டும். வண்டியை மெல்ல ஊரவிட்டுப் பட்டறைக்குள் கொண்டுவந்து, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பில் போல்ட் இல்லை. தளர்ந்த ஹோஸ் டயரில் பட்டுத் தேய்ந்து, உள்நூல் தெரிந்தது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் பிரேக் போயிருக்கும். புது ஹோஸ் போட்டேன். சீட்டிலிருந்து எடுத்த போல்ட் அந்தத் துளையில் கச்சிதமாக இறங்கியது.

தம்பி மறந்துவிட்டான் என்று யாரும் சொல்லக்கூடாது. ஓட்டிப் பார்க்க ஒரு சுற்று மிச்சம் இருந்தது. அவனுக்கு அது கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

மறுபடி முற்றத்துக்குப் போனேன். இடப்பக்கம் முழுக்க ஒடித்தேன். சத்தமே இல்லை.

"கேக்குதாடா?"

வேலை முடிந்துவிட்டது. இருந்தும் இரவு வெகுநேரம்வரை சுற்றிக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு தட்டு கடைசிவரை விழவில்லை.

மறுநாள் தம்பி மனைவியைப் பார்க்கப் போனேன். அவன் மஞ்சள் புள்ளி வைத்த போல்ட் எதையாவது வீட்டில் வைத்திருந்தானா என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு மாமா. சட்டைப் பையில. எடுக்க மனசு வரல. அவரோடயே போகட்டும்னு விட்டுட்டேன்."

"எந்தச் சட்டைம்மா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா பேர் தச்ச பட்டறைச் சட்டையிலதான் அவரை அனுப்பணும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க..."