ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரோடு இருந்த அண்ணன்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைப் பிடித்தபடி அந்தப் பெண் நின்றிருந்தார். கையில் ஒரு கண்ணாடி பாட்டில். அதில் எண்ணெய் மிதக்க, சிவப்பாக நெத்திலித் தொக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதாகவும், அண்ணியோடு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எம்.ஏ. தமிழ் படிப்பதாகவும் சொன்னார். அண்ணியும் அம்மாவும் மார்க்கெட்டுக்குப் போயிருந்த சாயங்காலம் அது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

"சார் இல்லீங்களா? அவருக்குன்னு செஞ்சது. நெத்திலின்னா உசுரை விடுவாருன்னு உங்க அண்ணி கிளாஸ்ல சொன்னாங்க" என்றார்.

எந்த சார் என்று எனக்குப் பிடிபடவே சற்று நேரம் ஆனது. அண்ணன் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மழைக்காலம் முடியும்போது வந்த ஒரு காய்ச்சல்; ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் நடந்து திரும்பவில்லை. எனக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் மாலையும் சின்ன பல்புமாக அவன் படம் இருந்தது. கேட்டில் நிற்பவர் இரண்டு படி ஏறினால் போதும், பார்த்துவிடுவார். நான் கதவை முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு, "டூட்டிக்குப் போயிருக்கார்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. யாராவது அண்ணனைத் தேடி வந்தால் வருடக்கணக்காக நான் சொல்லிவந்த பதில் அதுதான். வாய் பழகியிருந்தது.

"இன்னைக்குமா? கவர்மெண்ட் லீவாச்சே. இன்னா கம்பெனியோ போங்க" என்று அவர் அலுத்துக்கொண்டார். கேட்டிலேயே நிற்கவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். வீடு தேடி வந்தவரை உள்ளே கூப்பிடாமல் அனுப்பியது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. அவர் தெருமுனை திரும்பும்வரை அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டருகிலேயே நின்றேன். பொய் சொல்லி அனுப்பிவிட்டோமே என்று இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. அண்ணன் டூட்டிக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி எத்தனை நாளாயிற்று.

அண்ணியை அந்த வகுப்பில் சேரச் சொன்னவனே அண்ணன்தான். வகுப்புகள் தொடங்குவதற்குள் அவன் போய்விட்டான். வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டாம் என்று அம்மாதான் பிடித்துத் தள்ளினாள். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை ஞாயிறு மட்டும் எடுத்து நடத்தினார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் இடிக்கும் என்பார் அண்ணி. உட்கார்ந்திருப்பவர்களோ பேங்க் ஊழியர், நர்ஸ், பள்ளி ஆசிரியைகள் என்று குடும்பம் குட்டியோடு இருப்பவர்கள். பாடம் நடத்திய பேராசிரியருக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டை வாசித்து முடித்ததும், உரையில் என்ன இருக்கிறது என்று யாரும் பேசக்கூடாது. "புத்தகத்தை மூடுங்க. உங்க வீட்டிலேர்ந்து சொல்லுங்க" என்பாராம். காதலோ, பிரிவோ, சாவோ, பாட்டில் வருவது உன் வீட்டுக்குள் எப்படி வந்தது, அதை எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அண்ணி பாட்டிலைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். அம்மா சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"வேணும்னு பண்ணல பாப்பா. முதல் நாள், புருஷன் வர வழியப் பார்த்துட்டு நிக்கிற ஒருத்தியப் பத்தின பாட்டு. என் முறை வந்துது. எங்க வீட்டுக்காரர்னு ஆரம்பிச்சேன். அடுத்த வார்த்தைக்குள்ள முன் பெஞ்சுல ஒருத்தர் சிரிச்சுகிட்டே, சார் ஷிஃப்ட் முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவார்னு கேட்டுட்டார். ஆறரை ஆயிடும்னு சொல்லிட்டேன்."

அதன்பிறகு வாரா வாரம் அண்ணன் அந்த வகுப்பில் ஏதாவது ஒன்று செய்துகொண்டிருந்தான். ஃபேனைக் கூட்டி வைப்பதா குறைப்பதா என்று சண்டை போட்டான். காதலர்கள் ஊடிக்கொள்ளும் பாட்டு வந்த வாரம், பேசாமல் இருந்த மனைவியிடம் அவள் செல்போனுக்கே ஃபோன் செய்து பக்கத்து அறையிலிருந்து பேசினான். இது நிஜமாகவே நடந்தது, எனக்குத் தெரியும்.

"செத்துட்டார்னு சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் நான் எந்தப் பாட்டப் பத்திப் பேசினாலும் அவங்க என் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க. பாட்டப் பார்க்கமாட்டாங்க" என்றார் அண்ணி. புலம்பல் பாட்டுகளின் மேல் அவருக்கு ஒரு கோபமே இருந்தது. "அதுல ஒருத்தர் போயிட்டா மழை பெய்யாது, பறவை கத்தாது, ஊரே அப்படியே நின்னுடும். அவர் போன மறுநாளும் தண்ணி லாரி வந்து ஹாரன் அடிச்சுது. நான்தான் குடத்தத் தூக்கிட்டு ஓடினேன். ஒண்ணுமே நிக்கல பாப்பா. அதான் எனக்குத் தாங்கல."

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.  பிள்ளையைப் பறிகொடுத்தவள், எங்கோ முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அவன் பெயரில் கதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் என்ன செய்வாள்? அம்மா வந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"அவன் எங்கம்மா நெத்திலி சாப்பிட்டான்? முள்ளு குத்தும்னு தட்டுல ஒதுக்கி வைப்பான். வஞ்சிரம்தான் தொடுவான். சொல்றதுதான் சொல்ற, சரியாச் சொல்லு" என்றாள்.

எங்கள் வீட்டுச் சனிக்கிழமை சாயங்காலங்கள் அன்றிலிருந்து மாறிப்போயின. அண்ணி மறுநாளைக்கான பாட்டை வாசித்துப் பொருள் சொல்லுவார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி அண்ணனைப் பற்றி ஏதாவது எடுத்துக்கொடுப்பாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், பிரிவுக்கும் காத்திருப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களைவிடச் சுருக்காகப் பிடித்துக்கொண்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. உயிரோடு இருந்தவரை ஒரு கத்தரிக்காய்கூட வாங்கி வராத அண்ணனை, ஒரு வாரம் காய்கறிக் கடைக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னேன். அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "அவன் போகமாட்டான்டி" என்று முடித்துவிட்டாள். ஞாயிறு மதியம் அண்ணி திரும்பியதும், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்பாள். அண்ணன் செய்த ஏதோ ஒன்றுக்கு வகுப்பே சிரித்தது என்று கேட்டால் அவள் முகம் மலரும். அப்படிப்பட்ட ஞாயிறுகளில் சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் எங்கள் மூவருக்குமே காது தெருப் பக்கம் போகும். எந்த பைக் திரும்பினாலும் பேச்சு நிற்கும். எனக்குப் பயமாக இருந்தது. இது நல்லதற்கில்லை என்று தோன்றியது. நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.

பிறகு கையறுநிலைப் பாட்டுகள் வந்தன. இறந்தவரை எண்ணிச் செயலற்று நின்று பாடுபவை. அடுத்த வாரம் ஒவ்வொருவரும் தம் வீட்டில் நிகழ்ந்த ஒரு சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சனிக்கிழமை அண்ணி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அம்மா ஆய்ந்த கீரையையே திரும்பவும் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சொல்லிடலாம்னு இருக்கேன் அத்தை. எத்தனை நாளைக்கு?" என்றார் அண்ணி.

அம்மா தலையைத் தூக்கவில்லை. "உன் இஷ்டம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து கைவிரித்த அன்று அம்மா இதையேதான் சொன்னாள், எனக்கு நினைவிருக்கிறது. அன்றும் அவள் கெஞ்சியது அதே குரலில்தான். அன்று அது யார் கையிலும் இல்லை. இப்போது அண்ணியின் கையில் இருந்தது. அண்ணி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் நானும் அம்மாவும் கேட்டருகிலேயே காத்திருந்தோம். அண்ணி தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கி, வெயிலில் மெதுவாக நடந்து வந்தார். அம்மா கேட்கவில்லை. அண்ணியே சொன்னார். அனகாபுத்தூரில் தனக்குச் சின்ன வயதாக இருக்கும்போதே இறந்துபோன தன் அப்பாவைப் பற்றிப் பேச எழுந்தாராம். அவர் தறியடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சியைத் தவிர அண்ணிக்கு அவரைப் பற்றி நினைவே கிடையாது. அதைச் சொல்லத் தொடங்கியதும் அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. பேராசிரியர் வகுப்பை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நர்ஸ்தான் முதுகைத் தடவிக்கொடுத்து, ஆட்டோ வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டிருக்கிறார்.

"ஏத்திவிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா அத்தை?" என்றார் அண்ணி. "வூட்டுக்குப் போயி சார்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க, எல்லாம் சரியாப்பூடும்னாங்க."

சொல்லும்போது சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. எனக்கும் வந்தது. பாதிச் சிரிப்பில் அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்தார். அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்று ஊரே அழச் சொல்லியும் அழாதவர், அன்று மதியம் அம்மாவின் மடியில் கிடந்து அழுதார். அம்மா அவர் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

படிப்பு முடியும்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் எடுத்துக்கொடுக்கவில்லை. அண்ணி பட்டம் வாங்கி, ஆசிரியையாகி, பிறகு மறுமணமும் செய்துகொண்டு கோயம்புத்தூரில் இருக்கிறார். அம்மாதான் முன்னின்று செய்துவைத்தாள். பொங்கலுக்குத் தவறாமல் ஃபோன் வரும்.

பல வருடம் கழித்து, போன மாதம் தாம்பரம் ஸ்டேஷனில், கடற்கரை வண்டிக்காக நின்றபோது ஒரு பெண் என் தோளைத் தொட்டார். கண்ணாடி போட்டிருந்தார், உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. குரலை வைத்துத்தான் நர்ஸை அடையாளம் கண்டேன். அண்ணியைப் பற்றிக் கேட்டார். கோயம்புத்தூரில் டீச்சராக இருக்கிறார் என்றேன்.

"சாரும் அங்கதானா?"

"இல்ல, அவர் இங்கதான். அம்மாகூட."

"அடப் பாவமே, ஆளுக்கு ஒரு பக்கமா? எப்டி கீறாரு?"

வண்டி வரும் அறிவிப்பு கேட்டது. உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். "நல்லா இருக்கார். தலைதான் நரைச்சுப்போச்சு. லேசா சர்க்கரை இருக்குன்னு சொல்றாங்க" என்றேன். காலையில் நடக்கச் சொல்லுங்கள், பழைய சோற்றை விடச் சொல்லுங்கள் என்று அவர் வண்டி ஏறும்வரை சொல்லிக்கொண்டே போனார். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அல்லது, நம் வீட்டில் யாருக்குமே சர்க்கரை கிடையாதே என்று திருத்துவாள் என்று நினைத்தேன். அம்மா சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்தாள். அதில் அண்ணன் முப்பத்திரண்டு வயதில், கறுகறுவென்ற முடியோடு இருந்தான்.

"நரைச்சிடுச்சா?" என்றாள். "அவ்வளவு வயசா ஆயிடுச்சு என் பிள்ளைக்கு."