பக்கத்துச் சந்தின் கூச்சல்

பட்டிமன்ற மேடையில் பயின்றவர்கள் எதை எழுதினாலும் எழுந்து நின்று உரக்கச் சொல்லிப் பார்த்துவிடுவோம். கல்லூரி நாட்களில் எதிரணியையே தலையாட்ட வைத்தவள் நான். அந்தப் பெருமிதத்தோடுதான் சைகோனுக்கு வேலைக்கு வந்தேன். அதே பெருமிதத்தோடுதான் சிறுகதை எழுதவும் உட்கார்ந்தேன். பகலில் நகரின் தூ டுக் பகுதியில் மென்பொருள் சோதனை, மாலையில் கதை என்று ஒரு மழைக்காலமே கழிந்தது. புதியவர்களிடம் கதை கேட்டிருந்தது ஓர் இணைய இதழ். அனுப்புவதற்குக் கடைசி நாளன்றுதான் வியட்நாம் கால்பந்து அணிக்கு இறுதியாட்டம்.

ஆட்ட நாளில் எங்கள் சந்தில் எவரும் சும்மா இருக்க முடியாது. கீழே காபிக் கடை நடத்தும் வீட்டுக்கார அம்மாளை நாங்கள் ‘கோ’ என்று அழைப்போம். அத்தை என்பதற்கு அங்கே அதுதான் சொல். சிவப்புத் துணியையும் மஞ்சள் துணியையும் பிற்பகலிலேயே எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சிவப்பைப் பட்டையாகக் கிழித்து, மஞ்சளில் நட்சத்திரம் வெட்டி ஒட்டி, கடைக்கு வருகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளத் தர வேண்டும்.

நான் வெட்டினேன். என் அறைத்தோழி, காரைக்கால்காரி, ஒட்டுவதை நிறுத்திவிட்டு என் கதையைக் கணினியில் படித்தாள். நகரின் வெளிப்புறத்திலுள்ள கு சி மாவட்டத்திலிருந்து தினமும் கீரைக்கூடையோடு பேருந்தில் நகரத்துக்கு வரும் ஒரு பெண், ஒருநாள் கூடையில்லாமல் அதே பேருந்தில் ஏறுகிறாள். அதுதான் கதை. படித்து முடித்தவள் பலமாகக் கைதட்டினாள்.

“எதுக்குடி தட்டுற?”

“நீதான கேட்டு வாங்குற? ‘ஆகவே, உழைப்பு ஒருபோதும் தலைகுனிவதில்லை’ன்னு முடிச்சிட்டு நிக்கிறியே, தட்டலன்னா மரியாதையா இருக்குமா?”

சுருக்கென்றது. அந்த முடிவுரை ஏன் தேவை என்று காரணங்களை அடுக்கத் தொடங்கினேன்.

“தாயே, நான் நடுவர் இல்ல. கையில இருக்கறத பாத்து வெட்டு. அஞ்சு முனை நட்சத்திரத்துக்கு ஆறு வச்சிருக்க.”

உண்மைதான், ஆறு இருந்தது. வாதத்தில் வென்றுவிட்டதாகவே எண்ணிக்கொண்டு இன்னொன்றை வெட்டினேன். ஆயினும் கதையை அனுப்பக் கை வரவில்லை. என்னால் பேச மட்டுமே முடியுமோ, எழுத முடியாதோ என்ற பயம் அன்றுதான் முதன்முதலாக வந்தது.

ஆட்டம் தொடங்கியது. நடைபாதையில் தொலைக்காட்சி, தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள், எல்லா நெற்றியிலும் எங்கள் பட்டைகள். கோவின் தொலைக்காட்சிக்குப் படம் இணையம் வழியாகச் சற்றுத் தாமதமாகவே வரும். பக்கத்துச் சந்தில் கேபிள். எங்கள் வீரர் ஒருவர் பந்தோடு இருவரைத் தாண்டி ஓடினார். முக்காலிகள் சரிய எல்லோரும் எழுந்தோம். அவர் இன்னும் உதைக்கவே இல்லை. அதற்குள் பக்கத்துச் சந்து ஓவென்று கத்திவிட்டது. பிறகு எங்கள் திரையில் பந்து சாவதானமாக வலைக்குள் போயிற்று. நாங்களும் கத்தினோம்; ஆனால் தெரிந்த செய்திக்குக் கத்துவது போல இருந்தது.

கோ விசிறியால் தொடையில் அடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து வியட்நாமிய மொழியில் ஏதோ கத்தினார்.

“என்ன சொல்றாங்க?” என்றேன்.

“‘பாவிகளா, ஒரு தடவயாவது எங்கள பாக்க விடுங்கடா’ங்கறாங்க.” தோழி என் பக்கம் குனிந்தாள். “உன் கதயும் இப்புடித்தான்டி. அந்தப் பொம்பள பஸ்ல கால வக்கிறதுக்குள்ள நீ பக்கத்துச் சந்துலேர்ந்து கத்திடுற.”

எதற்கும் மறுமொழி வைத்திருப்பவள் நான். அன்று இடைவேளை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

இடைவேளையில் மாடிக்கு ஓடினேன். அவள் எங்கே போகிறாள், ஏன் போகிறாள், அதிலிருந்து நாம் என்ன கொள்ள வேண்டும் என்று கடைசி மூன்று பத்திகள் முழங்கிக்கொண்டிருந்தன. மேடையில் முடிவுரை சொல்லாமல் இறங்கினால் பேச்சை மறந்துவிட்டாள் என்பார்கள். அந்த மூன்றையும் அழித்தேன். அவள் பேருந்தில் ஏறி, மடியில் கூடையில்லாமல் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வதோடு கதை நின்றது. பார்க்க மிகவும் சின்னதாக இருந்தது.

பின்னாலேயே வந்த தோழி நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள். இம்முறை கை தட்டவில்லை.

“அப்பறம் அவ எங்கடி போனா?”

நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

“உன்னத்தான் கேக்குறேன். ஆஸ்பத்திரிக்கா? மக வீட்டுக்கா? சொல்லித் தொலையேன்!”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

அவள் நம்பவில்லை; படியிறங்கும்போதும் கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். உடம்பு இலேசாகிப் பசியெடுத்தது.