லாக்கருக்குப் பதில் ஒரு நகைக்கடன்

வங்கியில் லாக்கர் காலியில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக, மனைவியின் ஆரத்தை அதே வங்கியில் அடகு வைத்துப் பாதுகாத்தவன் நான். ஐந்து பவுன் ஆரத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் மட்டும் கடன். வட்டி லாக்கர் வாடகையைவிடக் குறைவு. திருடன் வந்தால் மேனேஜர் பார்த்துக்கொள்வார். வெளியூர் கிளம்பும்போது இப்படி வைத்துவிட்டுப் போகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் அவர்கள் திரும்பி வந்ததும் மீட்டுவிடுவார்கள்.

நான் மீட்கவில்லை. வருடம் முடிந்தால் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும் என்று தெரியும். பொருள் அவர்கள் கையில்தானே இருக்கிறது, அவர்களுக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். இதற்கிடையில் கே.கே. நகர் வாடகை வீட்டைக் காலி செய்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் ஸ்ரீரங்கம் வந்துவிட்டோம். வங்கியின் கடிதங்கள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தன. கைப்பேசிக்கு வந்த செய்திகளை, கடன் வாங்கச் சொல்லும் விளம்பரங்கள் என்று நினைத்து வரிசையாக அழித்தேன். இத்தனைக்கும் நான் கல்லூரியில் பணமும் வங்கியும் பற்றிப் பாடம் நடத்துகிறவன்.

மகளுக்கு வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். கல்விக் கடனுக்கு அவளோடு என் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் வேறொரு வங்கிக்குப் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"சார், உங்க கிரெடிட் ஸ்கோர் ஐந்நூத்து நாப்பதுதான் இருக்கு. எழுநூறுக்கு மேல இருந்தாத்தான் அப்ளிகேஷனை மேல அனுப்ப முடியும்."

"எத்தனைக்கும்மா?"

"தொள்ளாயிரத்துக்கு."

"நான் ப்ளஸ் டூல வாங்கினதே இதைவிட ஜாஸ்திப்பா," என்றாள் மகள். "அதுவும் அறுநூத்துக்கு."

இந்த மதிப்பெண் முன்னூறில்தான் தொடங்குகிறது என்று பிறகு தெரிந்தது. நானாகச் சம்பாதித்தது இருநூற்று நாற்பது.

"நான் கடனே வாங்கறதில்லையேம்மா."

"ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க சார். ஸ்கோர் போடுற கம்பெனிங்களோட வெப்சைட்லயே வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரீயா தராங்க."

நான் அங்கே போகாமல், கண்ணில் முதலில் பட்ட ஆப்பில் பான் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தேன். ஸ்கோர் வரும் முன்பே அழைப்புகள் வந்தன. கடனுக்கு லாயக்கில்லை என்று ஒரு வங்கி சொன்ன அன்று மாலைக்குள், நாலைந்து பேர் கடன் வாங்கிக்கொள்ளும்படி என்னைக் கெஞ்சினார்கள். மகள் கைப்பேசியைப் பிடுங்கி, சரியான இடத்தில் தேடி ரிப்போர்ட்டை இறக்கினாள். நகைக்கடன், பத்தாயிரம், கெடு தாண்டி நிலுவை.

அரசுப் பள்ளியில் டீச்சரான என் மனைவி ஸ்கோரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏங்க, அப்ப ஆரம் ஏலத்துக்குப் போகப்போகுதா?"

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி கே.கே. நகர் வங்கிக்குப் போனோம். வட்டியோடு கட்டி மீட்ட ஆரத்தை அவள் அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள். கவுண்ட்டரில் இருந்தவரிடம், இனி ஸ்கோர் ஏறிவிடும்தானே என்றேன்.

"கட்டின விவரத்தை ஸ்கோர் போடுறவங்களுக்கு நாங்க அனுப்பிடுவோம் சார். ஆனா ஸ்கோர் ஏற மாசக்கணக்காகும்."

மகளிடம் மாதங்கள் இல்லை. பத்து நாள்தான் இருந்தது.

கடைசியில் என் இடத்தில் மனைவியின் பெயரைப் போட்டோம். அவள் ஸ்கோர் எழுநூற்று எண்பது. ஒருமுறை அவள் தவணையில் வாஷிங் மெஷின் வாங்கினாள். கடன் எப்படி ஒரு குடும்பத்தைக் கெடுக்கும் என்று அன்று இரவுச் சாப்பாடு முடியும்வரை நான் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒரு தவணையும் தவறாமல் கட்டினாள். இப்போது அதைச் சொல்லிக் காட்டியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு கடன் கிடைத்தது. தாயும் மகளும் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட, நான் பழக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். கடைசித் தாளை அதிகாரி என் பக்கம் தள்ளினார்.

"சார், சாட்சிக் கையெழுத்து."

நான் தயங்கினேன்.

"போடுங்க சார். இதுக்கெல்லாம் ஸ்கோர் பாக்க மாட்டோம்."