மதினி மூச்செடுத்த இடம்

பல்கேரியாவுக்குப் போய்வந்தது நிஜம்தானா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். உச்சி வெயிலில் கரிசல் காடு கானலாய் நெளியும்போது அதற்குள் ஒரு பச்சை மலையும் சிவப்பு ஓட்டு வீடுகளும் தெரிகிற மாதிரி இருக்கும். கண்ணைக் கசக்கிப் பார்த்தால் உடைமரம்தான் நிற்கும். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, பாஸ்போர்ட்டில் அடித்திருக்கும் முத்திரையைப் பார்த்த பிறகுதான் மனசு அடங்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் எட்டுப் பெண்கள் போனோம். எல்லோரும் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரே ஊர்க்காரிகள். மழை பெய்தால் காட்டுவேலை, பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். மதுரைக் கல்லூரி டீச்சர் ஒருத்தர் எங்கள் கும்மிப் பாட்டை டேப்பில் பிடித்துக்கொண்டு போய் எங்கெங்கோ போட்டுக் காட்டியிருக்கிறார். பல்கேரியாவில் கிராமத்துப் பெண்களும் இப்படிக் கூட்டமாகத்தான் பாடுவார்களாம், பத்து நாள் வந்து அவர்கள் பாட்டைப் படித்துவிட்டுப் போங்கள் என்று அழைப்பு வந்துவிட்டது. தலைப்பாட்டுக்காரி என் அண்ணன் பெண்டாட்டி, அதாவது என் மதினி. அவள் வந்தால் நாங்களும் வருகிறோம் என்று எல்லாரும் ஒரே பிடியாக நின்றார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மதினியை இளைப்புக்கு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு இரண்டு வருசமாகவே மூச்சு பத்துவதில்லை. நீளமான அடி வந்தால் பாதியிலேயே நெஞ்சு அடைத்துவிடும். அதனால் சின்னச் சின்ன அடி உள்ள பாட்டாகப் பார்த்து எடுத்துப் பாடிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏட்டி, ஒருத்திகிட்டயும் மூச்சுக் காட்டிராத. தெரிஞ்சா வேற தலைப்பாட்டுக்காரியத் தேடுவாளுக. பாட்டும் போச்சுன்னா நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள்.

என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.

எங்கள் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. தலைப்பாட்டுக்காரி ஒரு அடியை முழுசாகப் பாடி முடிப்பாள். அவள் விட்ட பிறகுதான் மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவோம். அவள் முடிக்கும் முன்னே வாய் திறந்தால், உனக்குப் பாட்டு மறந்துவிட்டது, நீ ஒதுங்கிக்கொள் என்று அர்த்தம். எங்கள் ஊரில் ஒரு தடவை யாரோ கோபத்தில் அப்படிச் செய்துவிட்டாள். அடி பறிபோன தலைப்பாட்டுக்காரி அதற்குப் பிறகு கும்மிக்கே வரவில்லை. இந்த முறை மாறவில்லை என்றாலும், ஒன்றிரண்டு வருசமாக எங்கள் கும்மியில் கைதட்டு மட்டும் கன்னாபின்னாவென்று வேகமாகியிருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேகம் இவளுகள் கையில் ஒட்டிக்கொண்டது என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

விமானத்தில் ஏறினோம். ஜன்னலுக்குக் கீழே மேகத்தைப் பார்த்த மேலத்தெரு அக்கா, "எம்புட்டுப் பருத்தி வெடிச்சுக் கெடக்கு, எடுக்க ஒரு ஆளில்லையே" என்று அங்கலாய்த்தாள். அவளுக்கு அதே கவலை. தலையில் குரங்குக் குல்லா, மடியில் இட்லிப்பொடி டப்பா.

அந்த மலைக் கிராமத்துக்குப் போய் இறங்கியதும் எங்களுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. வழியெல்லாம் சூரியகாந்திக் காடு. வீட்டுச் சுவர்களில் மிளகாய்ப் பழத்தைச் சரம் சரமாகக் கோத்துக் காயப்போட்டிருந்தார்கள். எங்களைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு ஒரு விளாத்திகுளத்தில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. குளிர்தான் மாறிப்போயிருந்தது.

எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் மாடு கறக்கிற பெண். கையில் பால்வாடையோடே வருவாள். அவள் பேசுவதை ஒருத்தர் இங்கிலீஷில் சொல்ல, அதை எங்களோடு வந்திருந்த டீச்சர் தமிழில் சொல்வார். முதல் நாள் அவளும் இன்னும் மூன்று பெண்களும் பாடிக் காட்டினார்கள். ஒருத்தி பாட்டைக் கொண்டு போகிறாள். மற்ற மூவரும் ஒரே ஒரு சுரத்தை "ஏ" என்று பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறார்கள். அவள் குரல் இறங்கி வந்து இவர்கள் குரலோடு உரசும்போது, இரண்டு வெண்கலப் பானைகள் லேசாக இடித்துக்கொண்ட மாதிரி காற்றே அதிர்ந்தது. என் கையில் மயிர் கூச்செறிந்தது. இந்த அதிர்வுக்குள்ளேயே குடியிருந்துவிடலாம் போல எனக்கு ஒரு கிறக்கம் வந்தது.

இப்போது உங்கள் பாட்டை இப்படிப் பாடுங்கள் என்றார்கள். மதினி எடுத்தாள். நாங்கள் ஏழு பேரும் "ஏ" பிடிக்க வேண்டும். சரி சரி என்று தலையாட்டியவர்கள், அவள் வாய் திறந்ததும் ஊமையாகிவிட்டோம். அவள் முடித்த பிறகு ஒழுங்காக வாங்கிப் பாடினோம். டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்து வந்த நாட்களிலும் அப்படித்தான். கடைசி நாள் ஊர்ப் பொதுவில் எல்லார் முன்னாலும் பாட வேண்டும், அதுவும் விதைப்புப் பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்களிடம் உள்ளதிலேயே நீளமான அடி அந்தப் பாட்டுக்குத்தான். மதினி ராத்திரிச் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை.

பாடுகிற நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், ஊர்க் குழாயடியில் துணி அலசும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தன நாளா மரமண்டை மாதிரி நிக்கீங்க. ஒரு சத்தத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்க வராதா?" என்று ஆறு பேரையும் பிடித்து வாங்கினேன்.

"நீ ஏன் நின்ன?" என்று கேட்டாள் மேலத்தெரு அக்கா.

நான் அலசி முடித்த சேலையையே மறுபடி தண்ணீரில் முக்கினேன்.

அவள் துணியைப் பிழிந்து வைத்தாள். "அவளுக்கு மூச்சு முட்டுதது எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ரெண்டு வருசமா எதுக்கு வேகமாத் தட்டுதோம்? அடி சட்டுன்னு முடிஞ்சா அவளுக்கு லேசா இருக்கும்னுதான். இப்ப நாலு பேர் முன்னால, அவ பாடிக்கிட்டு இருக்கும்போதே நாங்க வாயத் தொறந்தா அவ என்ன நெனப்பா? தெரிஞ்சுபோச்சு, ஒதுக்குதாளுகன்னு நெனக்க மாட்டாளா?"

மற்ற ஐந்து பேரும் குனிந்து துணியையே அலசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ஒருத்திதான் மதினியைச் சுமக்கிறேன் என்று எவ்வளவு பெருமை எனக்கு!

பின்னால் இருமல் சத்தம் கேட்டது. மதினி வாளியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"அடப் பாவிகளா! நீங்கதானா அது? அடி சின்னதாச்சு, சரி. அந்த வேகத்துக்குச் சுத்திச் சுத்தி ஆடி எனக்கு உசுருல்ல போச்சு!"

எல்லாருமாகச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. சிரித்து முடித்ததும் மதினி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"ஏட்டி, நாளைக்கு நான் முடிக்கதுக்கு முன்னாலயே எடுங்க. நானேதான் சொல்லுதேன். நீங்க பிடிச்சுக்கிட்டு இருந்தா, நான் அதுக்குள்ள மூச்சு எடுத்துக்கிடுதேன்."

மறுநாள் சாயங்காலம் ஒரு பெரிய வாதுமை மரத்தடியில் நின்றோம். ஊரே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது. மதினி விதைப்புப் பாட்டை எடுத்தாள். நான் முதலில் "ஏ" பிடித்தேன். அப்புறம் மேலத்தெரு அக்கா, அப்புறம் எல்லாரும். அந்த நீளமான அடியின் நடுவில் மதினியின் தோள் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மூச்செடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அவள் தொடர்ந்தாள். கேட்டவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பால்கறக்கிற பெண் எழுந்து வந்து எங்கள் வரிசையின் கடைசியில் நின்று, அவளும் "ஏ" பிடித்தாள். எட்டுப்பேர் ஒன்பதானோம். மலை, மரம், மிளகாய்ச் சரம் எல்லாம் அந்த ஒரே சத்தத்தில் மிதப்பதுபோல இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கும்மித் தட்டு பழையபடி நிதானமானது. "வெளிநாட்டுக்குப் போயி முனங்கப் படிச்சுட்டு வந்திருக்காளுக" என்று கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். மதினி அதற்குப் பிறகு ஆறு வருசம் தலைப்பாட்டுப் பாடினாள். நீளமான அடிகளாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

ஒரு ஐப்பசியில், விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது போய்விட்டாள். ஒப்பாரியை யாராவது எடுக்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதுவரை எதையும் எடுத்துப் பாடியவள் இல்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். மூன்றாவது அடியின் பாதியில் நின்றுபோனேன். வார்த்தை வரவில்லை, மூச்சும் வரவில்லை. வீடு முழுக்க அமைதியாகிவிடும் என்று பயந்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் மேலத்தெரு அக்கா "ஏ" பிடித்தாள். மற்றவர்களும் பிடித்தார்கள். நான் முடிக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழ வேண்டியதை அழுதேன். பிறகு மூச்செடுத்து, விட்ட இடத்திலிருந்து மதினிக்குப் பாடினேன்.