அரையடி பின்னால் ஒரு நாற்காலி

அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற தமிழ்க்காரர்கள் அவளைப் பேச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருக்கும். வலியோடு வருகிறவன் அவ்வளவு நீளமான பெயரைச் சொல்லியா கூப்பிடுவான்? டாக்டர் ஆங்கிலத்தில் பேசுவார், இவள் தமிழில் சொல்வாள். நோயாளி தமிழில் அழுவார், இவள் அதையும் ஆங்கிலத்தில் சொல்வாள். அதனால் பேச்சக்கா.

அவளுடைய வேலை நாற்காலியிலிருந்து தொடங்கும். அறைக்குள் போனதும் ஒரு நாற்காலியை இழுத்து, நோயாளியின் தோளுக்கு அரையடி பின்னால் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அப்போதுதான் டாக்டரும் நோயாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள். நடுவில் இவள் முகம் குறுக்கே வராது. சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. டாக்டர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், நோயாளி சொன்னாலும் அப்படியே. இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரர்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது.

இவ்வளவு தெளிவான வேலையில் டாக்டர்கள்தான் தொல்லை. நேரே ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அதிலும் மூன்றாம் மாடியில் இருக்கும் புற்றுநோய் டாக்டர் இருக்கிறாரே, தங்கமான மனுஷர், ஆனால் வாயைத் திறந்தால் மரபுத்தொடர்தான். நோயாளி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத் தோட்டாவைக் கடியுங்கள் என்பார். அப்புறம் யோசிக்கலாம் என்பதற்கு, பாலம் வரும்போது கடந்துகொள்வோம் என்பார். ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றால், நாம் இன்னும் காட்டை விட்டு வெளியே வரவில்லை. இதையெல்லாம் அப்படியே சொன்னால் நோயாளி எழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான். பேச்சக்கா பொருளை மட்டும் பிடித்து, "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கணும்", "அது வரும்போது பாத்துக்கலாம்", "கண்டம் இன்னும் தாண்டல" என்று சொல்லிவிடுவாள்.

நாள் முழுக்க இப்படி அடுத்தவர் துக்கத்தைத் தன் வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச நாக்கு எழும்பாது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற அடுக்குமாடிகளில் பாதிக்கு அவர்தான் கிரீஸ் போட்டவர். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது மேலே, கீழே, ஓடுது, நின்னுபோச்சு. இந்த நாலை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் விட மாட்டார்.

"இன்னைக்கு உங்க டாக்டர் என்ன புதுசா அவுத்து விட்டாரு?"

"அறைக்குள்ள யானை நிக்குதாம்."

"லிஃப்டுக்குள்ள நின்னா எனக்கு வேலை. அறைக்குள்ள நின்னா எனக்கென்ன?"

"எல்லாருக்கும் தெரியுமாம், ஆனா யாரும் வாயத் திறக்க மாட்டாங்களாம். அந்த மாதிரி விஷயம்."

"அடேங்கப்பா. அதுக்கு யானைய வேற கூட்டிட்டு வரணுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லி, வார்த்தைக்கு வார்த்தை தமிழில் போட்டுக் காட்டுவாள். அவர் பொருளை ஊகிக்க வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் தேய்ப்பது அவள். தப்பாகச் சொன்னால் அவர். கல்யாணமான புதிதில் தொடங்கிய விளையாட்டு, குழந்தை இல்லாத வீட்டில் அதுதான் கலகலப்பு. காடு, பாலம், தோட்டா, கெட்ட செய்திக்குப் பூசும் சர்க்கரை எல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையில் வந்துபோனவைதான்.

அவருக்கு இருமல் வந்தது. கிரீஸ் நெடி என்றார். எடை குறைந்தது. மாடி ஏறி இறங்குகிற உடம்பு என்றார். கடைசியில் ஒரு லிஃப்டின் மேல் தட்டில் நின்றபடியே மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டார். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவைக் கேட்க மூன்றாம் மாடிக்கு வரச் சொன்னார்கள்.

அன்றைக்கு வர வேண்டிய வேறு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. தொலைபேசி மூலம் வெளியாள் மொழிபெயர்க்கும் கருவியும் பழுது. டாக்டர் தலையைச் சொறிந்தார். அடுத்த தேதி கிடைக்க நாளாகும், இன்று ஒருநாள் மட்டும் நீங்களே சொல்லிவிட முடியுமா என்று அவளைக் கேட்டார். அவள் மறுத்திருக்க வேண்டும். அது அவளுக்கே தெரியும். அவரை இன்னொரு இரவு அந்தக் கேள்வியோடு படுக்கவைக்க மனம் வராமல் சரி என்றாள்.

டாக்டர் லிஃப்ட்காரரின் கண்ணைப் பார்த்து, இதைச் சர்க்கரை பூசிச் சொல்ல விரும்பவில்லை என்று தொடங்கினார். நோய் நுரையீரலைத் தாண்டிவிட்டது. நாம் காட்டை விட்டு வெளியே வரவில்லை, வர வழியும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மருந்து இருக்கிறது, ஆளை வாட்டி எடுத்துவிடும், கிடைப்பது கொஞ்ச நாள்தான். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பந்து உங்கள் பக்கம்.

பேச்சக்கா புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் முத்தித்தான் இருக்காம். ஒரு மருந்து இருக்கு, ஊசி மூலமா ஏத்துவாங்களாம். உடம்பு படுத்தும், ஆனா கேக்குமாம். போட்டுக்கலாம், என்ன?"

அவர் டாக்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி, போட்டுக்கலாம்" என்றார்.

எத்தனையோ பேருக்கு எவ்வளவோ கெட்ட செய்தியை நாக்குப் பிசகாமல் சொன்னவள் அவள். சொந்தப் புருஷன் என்று வந்ததும் சர்க்கரையை அள்ளிப் பூசிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதை விழுங்கியே விட்டாள். தெரிந்தே செய்தாள். அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மருந்து ஏறியது. டாக்டர் சொன்னது பொய்யில்லை, ஆளை வாட்டித்தான் எடுத்தது. முடி போனது, நாக்கில் ருசி போனது, குளியலறைக் கதவைப் பிடித்தபடி நிற்கவே அவருக்குத் துணை வேண்டியிருந்தது. அவள் காலையில் அவர் வாந்தியைக் கழுவிவிட்டு வேலைக்குப் போவாள். அங்கே யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்கள் வாந்தியைப் பற்றி மொழிபெயர்ப்பாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கினாள். நாத்தனார் தொலைபேசியில், "அண்ணி, அண்ணனுக்குத் தேவலையா?" என்று கேட்கும்போதெல்லாம், "மருந்து கேக்குதும்மா" என்றாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் தினமும் சோறு போட வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு மேசை விளையாட்டு நின்றுபோனது. ஒருநாள் அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "வீட்ல இடமே பத்தல போல" என்றார். அவள், "ஏங்க, நாம ரெண்டு பேர்தானே?" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். களைப்பில் அவளுக்கு அது என்னவென்று யோசிக்கக்கூட ஓடவில்லை.

அடுத்த சுற்று மருந்துக்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த முறை தொலைபேசிக் கருவி சரியாக இருக்கிறது, மொழிபெயர்க்க வேறு ஆள் பேசுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு குரல் இன்றைக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும். போகும் வழியில் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பஸ்ஸில் நினைத்தாள், வாசலில் நினைத்தாள், லிஃப்டுக்குள்ளும் நினைத்தாள். லிஃப்ட்காரர் கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எண்ணெய் போட்டு வருஷம் ஆகுது" என்றார். அதற்குள் மூன்றாம் மாடி வந்துவிட்டது.

மேசை மேல் கருவி இருந்தது. அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் வணக்கம் சொன்னது. "இந்த அறையில பேசுறது எல்லாத்தையும் நான் மொழிபெயர்ப்பேங்க. எதையும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்." அவள் தினமும் சொல்கிற வாசகம். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது மிரட்டலாக இருந்தது. அந்தக் குரலும் களைத்துத்தான் இருந்தது.

டாக்டர் பேசினார். குரல் தமிழில் சொன்னது. "மருந்து நான் எதிர்பார்த்த அளவுக்குக்கூட வேலை செய்யல. போன தடவை சொன்ன மாதிரி, இது நோயைக் குணப்படுத்துற மருந்து இல்ல. கொஞ்ச நாள் தள்ளிப்போடுற மருந்து. வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருந்தும் நீங்க எடுத்துக்கிட்டீங்க. இப்பவும் முடிவு உங்க கையில."

பேச்சக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போல இருந்தது.

லிஃப்ட்காரர் அவள் பக்கம் திரும்பினார். "தலைய நிமிரு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

கருவி அதை உடனே ஆங்கிலத்தில் சொன்னது. அவர் திடுக்கிட்டு அதைப் பார்த்தார். "ஐயா, இது எங்க வீட்டுப் பேச்சு." கருவி அதையும் சொன்னது. இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அப்படியே பேசினார்.

"டாக்டர் காடுன்னாரு. வுட்ஸ்னு காதுல விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி சர்க்கரைன்னாரு. இதெல்லாம் எனக்கு யாரு சொல்லிக்கொடுத்தது? அதுக்காக எத்தனை நாள் பாத்திரம் தேச்சிருக்கேன்? நீ கேக்கும்னே. காட்டுக்குள்ள நிக்கிறவனுக்கு எது கேக்கும்? வீட்ல இடம் பத்தலன்னப்ப அந்த யானையத்தான் சொன்னேன்."

"தெரிஞ்சுமா..." என்றாள். "தெரிஞ்சுமா ஊசி போட்டுக்கிட்டீங்க? ஏன் என்னக் கேக்கல?"

"நீ என் கையப் பிடிச்சிருந்த பிடி அப்படி. வேலை நேரத்துல பின்னால உக்காருவேன்னு சொல்லுவியே, அன்னைக்குப் பக்கத்துல உக்காந்துட்ட. சரி, இவளுக்கு நான் வேணும் போலன்னு பாத்தேன். முடிஞ்ச வரைக்கும் இருந்து பாத்தேன்."

கருவி எல்லாவற்றையும் டாக்டருக்குச் சொல்லி முடித்தது. ஒன்றைக்கூட விடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவளிடம் கேட்டிருக்கக் கூடாது, அது என் தவறு என்றார். பிறகு, மருந்தை நிறுத்தினால் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம், தொடர்ந்தால் சற்றே கூடுதல் நாள், ஆனால் அந்த நாள் படுக்கையில்தான் போகும் என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மரபுத்தொடரும் இல்லாமல் பேசினார்.

லிஃப்ட்காரர் தலையாட்டினார். "என் பதில இவளே சொல்லட்டும்."

"குடும்பத்தில இருக்கிறவங்க மொழிபெயர்க்கக் கூடாதுங்க" என்றது குரல்.

"நீங்க லைன்லயே இருங்க தம்பி. தப்பாச் சொன்னா திருத்துங்க."

கருவி இதை டாக்டரிடம் சொல்ல, டாக்டர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவளால் முடியாது என்றுதான் நினைத்தாள். ஆனால் கால்கள் எழுந்துகொண்டன. நாற்காலியைத் தூக்கி, அவர் தோளுக்கு அரையடி பின்னால் போட்டாள். உட்கார்ந்தாள். முன்னால் முடியில்லாத பின்னந்தலை தெரிந்தது. அவர் முகம் டாக்டரைப் பார்த்து இருந்தது. நோயாளிகள் யாரும் சின்னச் சின்னதாகச் சொல்லி நிறுத்துவதில்லை என்று அவள் வீட்டில் புலம்பியிருக்கிறாள். அவர் அதே மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எனக்கு ஊசி போதும்."

எனக்கு ஊசி போதும் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மிச்சமிருக்கிற நாள வீட்ல இருந்துக்கறேன்."

மிச்சமிருக்கிற நாளை வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றாள்.

"எனக்குச் சாகப் பயமா இருக்கு. ஆனா தெரியாத மாதிரி நடிச்சது அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு."

அதையும் சொன்னாள். பயத்தைக் கவலை என்று குறைக்கவில்லை. சாவுக்கு ஆங்கிலத்தில் ஆயிரம் முக்காடு உண்டு, அவளுக்கு எல்லாம் மனப்பாடம். எதையும் போடவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் சொன்னார்.

"என் பெண்டாட்டி ரொம்பக் களைச்சுப்போயிட்டா. ஊர்ல இருக்கிறவங்க துக்கத்தையெல்லாம் அவதான் சொல்றா. அவளுக்குக் கொஞ்ச நாள் லீவு வாங்கிக் கொடுங்க டாக்டர்."

டாக்டர் காத்திருந்தார். கருவியும் காத்திருந்தது.

என் மனைவி மிகவும் களைத்துப்போய்விட்டாள் என்று பேச்சக்கா தொடங்கினாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் கடைசிவரை சொல்லி முடித்தாள்.

தொலைபேசிக் குரல் எதையும் திருத்தவில்லை.